தீவகத்தார் ஆங்கிலம் கற்ற வரலாறு

ஊர்காவற்றுறை தொடங்கி நெடுந்தீவு ஈறாகப் பரந்து கிடக்கும் நம் தீவகத்திலே, ஆங்கிலம் அறிந்தவர் என்று பெயர் வாங்கியோர் எக்காலத்தும் இரு திறத்தவராகவே இருந்து வந்திருக்கின்றனர். ஒரு திறத்தார் பிழையின்றி எழுதுவர்; வாய் திறவார். மற்றைத் திறத்தார் தாராளமாகப் பேசுவர். ஒரு விண்ணப்பம் எழுதவேண்டுமாயின் பிறர் வீட்டுப் படலையைத் தட்டுவர். இரண்டும் ஒருங்கே கைவந்தவர் மிகச் சிலர். நம் சங்கத்து இளைஞர்கள் மாலையில் ஆங்கில வகுப்பொன்று வேண்டுமென்று கேட்டபோது சொன்ன குறை இது: பத்தாண்டு படித்தோம், பரீட்சையிலும் சித்தியடைந்தோம், ஆயினும் எதிரே ஒருவர் வந்து கேட்டால் நா எழவில்லை. இக்குறை நமக்குப் புதிதாகப் படவில்லை. அவர்தம் தந்தையாரும் பாட்டனாரும் இதையே சொன்னவர்கள். ஒரே குறை மூன்று தலைமுறை தொடர்ந்து நிற்குமாயின் அது பிள்ளையின் மந்தத்தால் வந்ததாகாது. அம்மொழி நம்மிடம் வந்து சேர்ந்த வழியிலே அதன் காரணம் கிடத்தல் வேண்டும். அவ்வழியைச் சற்றே பின்னோக்கி நடந்து பார்ப்போம்.

அந்நிய மொழியென்பது நமக்கு ஆங்கிலத்தோடு தொடங்கியதன்று. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். ஒல்லாந்தர் 1658இல் அவர்களைத் துரத்தினர். துறைமுகத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்னும் பெயராக நிலைத்தது. ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரங்களை நினைந்து ஏங்கினர் போலும். வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லம் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் பெயர் சூட்டிப் படங்களில் வரைந்துகொண்டனர். அவற்றுள் மக்கள் வாயிலே பிழைத்தது நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஒன்றே. ஆனால் அவர்கள் விட்டுப்போன வேறு சொற்களை நாம் இன்றும் விடவில்லை. கதிரை, அலுமாரி, குசினி, சப்பாத்து, பாண் என்பன போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோரும் நொத்தாரிசும் ஒல்லாந்தர் தந்தவை. இவற்றைக் கற்க நம் முன்னோர் எந்த வகுப்புக்கும் போகவில்லை. கடற்கரையிலும் கோட்டை வாசலிலும் காதாற் கேட்டார்கள், தம் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். தொடக்கத்தில் அவர்கள் மொழி தீவகத்து மக்கள் காதுக்கு நேரே எட்டவில்லை. இடையில் மொழிபெயர்ப்பு முதலியார் என்றொருவர் நின்றார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெடுந்தீவிலே குதிரை வளர்ப்புக்குப் பொறுப்பாயிருந்த நோலன் என்னும் ஐரிஷ் இராணுவ உத்தியோகத்தர் அத்தீவை ஆண்ட கதையைப் பெரியோர் அறிவர். அத்தகைய ஒருவரிடம் குறை சொல்லப் போகும் குடியானவன் தமிழிலே சொல்வான். வேறொருவர் வாய்வழியே அது ஆங்கிலமாகி மேலே ஏறும். தீர்ப்பு மறுபடியும் தமிழாகிக் கீழே இறங்கும். இடையிலே எது கூடியது, எது குறைந்தது என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? ஆங்கிலம் தெரிந்தவனிடத்தில் நம்மவர்க்கு ஏற்பட்ட அச்சமும் மதிப்பும் அங்கேயே வேர்விட்டன என்று கருதுகிறோம். பின்னர் 1829இல் வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கையையொட்டி 1833இல் அரசாங்கம் திருத்தியமைக்கப்பட்டபோது, சுதேசிகளுக்கும் உத்தியோகக் கதவு திறந்தது. அக்கதவின் திறவுகோல் ஆங்கிலம் என்பதும் அப்போதே உறுதியாயிற்று.

திறவுகோலைச் செய்து கொடுத்தவர்கள் மிஷனரிமார். அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே டானியல் பூர் என்பவரைத் தலைவராகக்கொண்டு செமினரி எழுந்தது. காரைதீவிலிருந்து பொன்னாலைப் பக்கமாகவும், வேலணையிலிருந்து வள்ளமேறி அராலித்துறை வழியாகவும் நம்மவர் எட்டக்கூடிய தூரம் அது. மிஷனாரின் தமிழ்ப் பள்ளிகள் தீவுகளிலும் தோன்றின. ஆயினும் ஆங்கிலம் வேண்டியவன் கடல் கடந்தே தீரவேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் போகலாகாது. அந்தத் துரைமார் நம் மொழியைக் கற்ற விதம் நாம் அவர்கள் மொழியைக் கற்ற விதத்தினும் வேறானது. அவர்கள் பண்டிதரை வைத்துப் பாடங்கேட்டனர். அதே நாளிற் சந்தைக்கும் திண்ணைக்கும் போய்ப் பிழைபிழையாகப் பேசவும் செய்தனர். பிழை பேசினால் நம்மவர் சிரித்திருப்பர். அவர்கள் அதற்கு வெட்கப்படவில்லை, ஏனெனில் ஆளும் இனத்தார்க்கு அதனால் வந்த குறைவொன்றுமில்லை. அவ்வாறு ஏடும் காதும் சேர்ந்து உழைத்தமையால், 1862இல் வின்சிலோ பதிப்பித்த தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. மானிப்பாயில் வைத்தியம் செய்த கிறீன், மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்த்துத் தமிழிலேயே மாணவருக்குப் போதித்தார்.

செமினரி மாணவரோ பெரும்பாலும் ஏட்டின் வழியாகவே ஆங்கிலத்தை அடைந்தனர். அதிலும் ஒரு சிறப்பு உண்டு. நம் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியிலே நிகண்டும் நன்னூலும் மனனஞ் செய்தவர்கள். பெயர், வினை, இடை, உரி என்று சொல்லைப் பகுத்துப் பழகிய மூளைக்கு ஆங்கில இலக்கணம் அந்நியமாகத் தோன்றவில்லை. வேற்றுமையும் காலமும் எச்சமும் தெரிந்தவன், ஆங்கில வாக்கியத்தை விரைவிலே கூறுபோட்டுவிடுவான். எமர்சன் டெனன்ற் என்னும் குடியேற்றநாட்டுச் செயலாளர் அச்செமினரியைப் பார்த்து வியந்து, ஐரோப்பியக் கலாசாலைகளோடு ஒப்பிட்டு எழுதினார். அங்கே கற்ற தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அவர்களுள் தாமோதரம்பிள்ளை, பெற்ற ஆங்கிலக் கல்வியோடு ஓலைச்சுவடிகளை நோக்கித் திரும்பி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். கறோல், ஆர்னல்ட், நெவின்ஸ் என்று அமெரிக்க உபகாரிகளின் பெயர்களையும் அம்மாணவர் தம் பெயரோடு சுமந்தனர். கல்விக்குக் கொடுத்த விலையில் அதுவும் ஒரு பகுதி.

இத்தனை சிறப்புற்ற செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து றூபஸ் அன்டர்சன் தலைமையில் வந்த குழுவினர் கண்ட முடிவு அது. ஊழியம் செய்யப் பயிற்றிய பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கற்றவுடன் அரசாங்க உத்தியோகத்துக்குப் பறந்துவிடுகின்றனர் என்பதும், சமயம் பரப்பத் தாய்மொழியே சிறந்தது என்பதும் அவர்கள் கருத்து. கொடுத்தவர் ஒன்றை எண்ணிக் கொடுத்தனர். வாங்கினவர் வேறொன்றை எண்ணி வாங்கினர். 1872இல் அதே வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் உயர்கல்வி மீண்டும் தொடங்கியது.

நிற்க. சைவர் பக்கத்தில் நடந்தது என்ன? ஆறுமுக நாவலர் உவெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். அங்கேயே ஆசிரியராயிருந்து பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையிலே அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை தமிழுக்கும் சைவத்துக்குமானது. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலத்தைத் தேடி மிஷன் பள்ளிகளுக்குப் போவதை அவர் கண்ணாற் கண்டார். ஆங்கிலத்தை விலக்கி அவர்களைத் தடுக்க முடியாது என்று தெளிந்து, 1872இல் சைவப் பிள்ளைகளுக்கென ஆங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். பொருளுதவி போதாமையால் அது சில ஆண்டுகளிலே நின்றது. நாவலரைப் பற்றிப் பேசுவோர் பலர் இதை விட்டுவிடுகின்றனர்; ஆங்கிலத்தை அவர் வெறுத்தார் என்று எண்ணுவோரும் உளர். அவர் வெறுத்தது ஆங்கிலத்தின் பெயரால் மதம் மாற்றப்படுவதையே.

நாவலர் 1879இல் மறைந்த பின் அவர் எண்ணம் பலித்தது. 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியது. அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலே சைவர் குரலாக இந்து ஓகன் பத்திரிகை வெளிவந்தது. செமினரியிற் படித்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பாடசாலையே 1890இல் சபையின் பொறுப்புக்கு வந்து பின்பு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நம் தீவகத்திலோ காரைநகர் இந்துக் கல்லூரி தன் தொடக்கத்தை 1888 என்று எண்ணுகிறது. 1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பும் வழியில் யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தைப் பற்றி ஆங்கிலத்திற் பேசினார். நாற்பது ஆண்டுக்கு முன்பு மதமாற்றத்தின் கருவி என்று அஞ்சப்பட்ட மொழியிலே, சைவ மக்கள் கூடியிருந்து தம் சமயப் பெருமையைக் கேட்டனர்.

இனி வகுப்பறைக்குள் போவோம். தமிழ்ப் பள்ளியிற் படிக்கக் காசில்லை; ஆங்கிலப் பள்ளிக்கு மாதச் சம்பளம் கட்டவேண்டும். ஒரு காணியை ஈடுவைத்து மூத்த மகனை மட்டும் அனுப்பிய குடும்பங்கள் தீவகத்தில் அநேகம். அவன் தம்பி கடைக்குப் போவான். தங்கை வீட்டோடு நிற்பாள். அங்ஙனம் போன மூத்தவன் கண்ட ஆங்கிலம் யாது? கேம்பிரிட்ஜ் பரீட்சை 1880இலே இலங்கைக்கு வந்தது. பரீட்சை எழுத்திலே நடப்பது. ஆதலால் ஆசிரியரும் எழுத்துக்கே உழைத்தார். நெஸ்பீல்ட் என்பார் எழுதிய இலக்கண நூல் இந்தியாவிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்தது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் குலங்கோத்திரம் சொல்ல வேண்டும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்க வேண்டும். நேர்கூற்றை அயற்கூற்றாக்க வேண்டும். இவற்றையெல்லாம் பிழையறச் செய்த பிள்ளை, துறைமுகத்திலே சுங்க அதிகாரி ஒருவர் நேரம் என்னவென்று கேட்டால் திகைத்து நிற்பான். சில பாடசாலைகளில் வளவுக்குள் தமிழ் பேசினால் தண்டம் விதித்தனர். அதனால் ஆங்கிலம் பேசியோர் சிலர். பேசாமலே இருந்துவிடக் கற்றோர் பலர்.

பேச்சிலே நம்மவரைத் தடுக்கும் இடங்கள் எவையென்பது அனுபவமுடைய ஆசிரியர் எவர்க்கும் தெரியும். நெஸ்பீல்ட் அவற்றை அறியார்; அவர் தமிழருக்கென்று எழுதியவரல்லர். 'நீ கோயிலுக்குப் போகவில்லையா?' என்று கேட்டால், போகாதவன் யாழ்ப்பாணத்தில் 'ஓம், போகவில்லை' என்பான். கேட்டவர் கருத்தை ஒப்புக்கொள்வது நம் ஓம். ஆங்கிலத்திலோ நடந்த காரியத்தை நோக்கி 'நோ' என்று தொடங்க வேண்டும். இந்த ஒரு சொல்லால் கந்தோரிலும் நீதிமன்றத்திலும் எத்தனை விபரீதங்கள் விளைந்திருக்கும்! மேலும் நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. ஆங்கிலேயனுக்கு 'யூ' ஒன்றே. மனைவியிடம் ஒன்றும் மாமனாரிடம் வேறொன்றும் சொல்லிப் பழகியவன், துரையைப் பார்த்து 'யூ' என்று சொல்ல நாக் கூசினான். அதனாலேதான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'சேர்' என்று கட்டிவிட்டான். நம் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பது. அவர்கள் வினை எழுவாயின் தோளிலேயே ஏறிக்கொள்வது. நாம் வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று பெயரின் வாலிலே உருபைச் சேர்ப்போம். அவர்கள் 'இன்', 'ரு', 'புறொம்' என்று தலையிலே வைப்பர். இவ்வளவையும் எண்ணிச் சரிபார்த்து வாக்கியத்தை மனத்திலே கட்டி முடிப்பதற்குள் எதிரே நின்றவர் போய்விடுவார்.

ஆயினும் இந்த எழுத்தாங்கிலம் வீண்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவிலே இருப்புப்பாதையும் அரசாங்கக் கந்தோர்களும் பெருகின. இலங்கையிற் பணியாற்றி அங்கே போன ஸ்பூனர் என்னும் பொறியியலாளர் யாழ்ப்பாணத்தாரை அறிந்திருந்தார். 1901இல் அவர் அந்நாட்டு றெயில்வேயின் பொது முகாமையாளரானார். யாழ்ப்பாணக் குடாநாட்டாரோடு காரைநகர், வேலணை, புங்குடுதீவு வாலிபரும் கப்பலேறினர். கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், சிரம்பான் என்ற பெயர்கள் நம் பெண்கள் வாயிலே பக்கத்து ஊர்ப் பெயர்போலப் புழங்கின. அங்கே வேண்டியது ஒழுங்காகக் கணக்கெழுதும் கை. அது நம்மவரிடம் இருந்தது. ஸ்ரேசன் மாஸ்ரர் பகல் முழுதும் ஆங்கிலத்தில் எழுதுவார், கூலிகளோடு மலாயிற் பேசுவார், வீட்டிலே தமிழ். அந்த மலாயை அவருக்கு எந்தப் பாடசாலையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவர் அனுப்பிய மணியோடர் இங்கே கல்வீடாகியது, கிணறாகியது, கோயில் மண்டபமாகியது. அவர் சுகவீனமுற்றால் வந்த தந்தியோ ஆங்கிலத்தில் இருந்தது. தந்திச் சேவகன் படலையில் நிற்க, அதைக் கையில் வாங்கிய தாய், வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி வெயிலிலே ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுவதை நேரிற் கண்ட முதியோர் நமக்குச் சொல்லியிருக்கின்றனர். வாசித்தவர் முகம் மாறுவதைப் பார்த்தே அவள் செய்தியை அறிந்துகொள்வாளாம். ஐந்தாறு சொற்கள், அவற்றைப் படிக்க இயலாமையால் மகனுடைய சாவை அயலான் முகத்திலே படிக்க நேர்ந்தது. தம் பேத்தியராவது ஆங்கிலம் படிக்கட்டும் என்று அத்தலைமுறைப் பெண்கள் பிடிவாதமாக நின்றதற்கு உத்தியோக ஆசை ஒன்றே காரணமன்று.

கடைக்குப் போன தம்பியை இடையிலே விட்டுவந்தோம். அவனையும் பார்ப்போம். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களின் வணிகர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடை, சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை வைத்திருந்தமை யாவரும் அறிந்ததே. பன்னிரண்டு வயதிலே அங்கே போன பையன் முதல் நாளே சிங்களத்துக்குள் விழுந்தான். வந்தவர் கேட்ட சாமானைக் காட்டவேண்டும்; விலை சொல்லவேண்டும்; மீதிக் காசை எண்ணவேண்டும். தவறாகச் சொன்னால் வந்தவர் சிரித்துத் திருத்தினார். மறுமுறை அவன் சரியாகச் சொன்னான். ஆறு மாதத்திலே பேரம் பேசினான். இரண்டாண்டிலே சிங்களத்திற் பகிடி விட்டான். எழுவாய் எது, பயனிலை எது என்று அவனுக்குத் தெரியாது. எழுத்தும் தெரியாது. கொழும்பிலே துரைமார் வீட்டுச் சமையற்காரரும் வெள்ளைக்காரக் கப்பலோட்டிகளும் வரும் கடையானால், அதே முறையில் ஆங்கிலமும் ஓரளவு கைவந்தது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் ஆங்கிலத்தை எட்டாண்டு படித்தும் பேசவில்லை; தம்பி சிங்களத்தை எட்டு மாதத்திற் பேசினான். அண்ணனுக்கு மூளை குறைவா? இல்லை. சிங்களத்திலே பிழைவிட்டால் தம்பிக்கு ஒரு சிரிப்போடு போயிற்று. ஆங்கிலத்திலே பிழைவிட்டால் அண்ணனுக்கு மானம் போயிற்று. ஆங்கிலம் ஒரு பாஷையாக மட்டும் நம்மிடம் வரவில்லை, அந்தஸ்தாக வந்தது. சீதனம் பேசும்போதும் சபையிலே இடம் கொடுக்கும்போதும் அது எண்ணப்பட்டது. காணியை ஈடுவைத்து வாங்கிய அந்தஸ்தை ஒரு வேற்றுமை உருபின் பிழையால் நாலு பேர் முன்னிலையில் இழக்க எவன் துணிவான்? வாயை மூடிக்கொண்டால் பிழையும் இல்லை, பழியும் இல்லை. இலக்கணம் நம்மைப் பேசவிடாமற் செய்தது என்று குற்றஞ்சாட்டுவோர் உளர். நாம் அதை ஒப்பவில்லை. நன்னூல் படித்தவன் தமிழ் பேச அஞ்சினானா? வெட்கமே தடுத்தது, இலக்கணம் அவ்வெட்கத்துக்கு ஒரு அளவுகோலாக உதவியது.

ஏடும் பேச்சும் ஒருங்கே வாய்த்தவர் நம்மிடையே இல்லாமலில்லை. வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி, கல்கத்தாவிலே பட்டம் பெற்று நியாயதுரந்தரராகி, 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராய் வீற்றிருந்தார். நாடு முழுவதிலுமிருந்து வந்த பிரதிநிதிகள் ஆங்கிலத்திலே வாதிட, அவர்களை ஆங்கிலத்திலே அடக்கி நடத்தியவர் நம் தீவகத்தார். ஆனால் அதே காலத்தில், ஆங்கிலக் கல்லூரிகளிற் படித்த யாழ்ப்பாணத்து வாலிபரே அம்மொழியின் ஆதிக்கத்தை எதிர்த்தும் எழுந்தனர். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்பு வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் உயிர்நாடி. தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்பது அவர்கள் கொள்கைகளில் ஒன்று. அவர்கள் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவர் இங்கே பேசியது ஆங்கிலத்தில் என்பதை நினைக்கச் சிரிப்பு வருகிறது. வேறு வழியும் இல்லை.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. சம்பளம் கட்டமுடியாத பிள்ளைக்கும் வாசல் திறந்தது. வேலணையிலும் மத்திய கல்லூரி உண்டாயிற்று. படிப்படியாகப் போதனை தாய்மொழிக்கு மாற, ஆங்கிலம் பல பாடங்களில் ஒன்றாயிற்று. அது நியாயமே, ஆனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எப்படிக் கற்பிப்பது என்பதற்குரிய ஆசிரியர் தொகை அதற்கேற்பப் பெருகவில்லை. கடல் கடந்து நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் வந்து நிலைத்து நிற்கும் ஆங்கில ஆசிரியர் கிடைப்பது அன்றும் அரிது, இன்றும் எளிதன்று.

1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அப்போது நேர்ந்த வினோதத்தைப் பாருங்கள். நாற்பது வயதான கிளாக்கர் அண்ணன், வேலையைக் காக்கச் சிங்களப் பரீட்சைக்கு அகரவரிசை எழுதிப் பழகினார். சிங்களம் சரளமாகப் பேசும் தம்பிக்கோ அந்தப் பேச்சால் எந்த உத்தியோகமும் கிட்டவில்லை. 1958இலும் 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களில் அந்தத் தம்பிமாரின் கடைகள் எரிந்தன. அயலாரோடு அவர்கள் மொழியிலேயே உறவாடியவனுக்கும் அந்நாட்களில் அது முழுக் காப்பாகவில்லை.

கரம்பொன்னில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளாரை இங்கே நினைக்கின்றோம். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்ற அவர், ஆங்கிலத்தோடு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவரானார். ஆனால் தமிழை ஆழ்ந்து கற்றது தமிழ்நாட்டு வடக்கன்குளத்திலே ஆசிரியராயிருந்த நாட்களிலும், பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும். அப்போது அவருக்கு முப்பது வயதளவில். 1952இல் அவர் தொடங்கிய தமிழ்ப் பண்பாட்டு முத்திங்கள் ஏடு ஆங்கிலத்திலே வெளிவந்தது. தமிழின் பெருமையைத் தமிழருக்கே சொல்லிக்கொண்டிருப்பதிற் பயன் குறைவு என்று கண்டவர் அவர். 1966இல் கோலாலம்பூரிலே முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. நம்மவர் கணக்கெழுதப் போன அதே பட்டினம்.

கற்பிக்கும் முறையும் இதற்கிடையில் மாறிற்று. உரையாடலே முதன்மை, இலக்கணம் பின்னால் வரட்டும் என்ற கொள்கை மேல்நாட்டிலிருந்து வந்தது. அது யாழ்ப்பாணத்தில் என்னவாயிற்று என்பதைச் சுரேஷ் கனகராஜா என்னும் அறிஞர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே தாம் ஆங்கிலம் கற்பித்த போர்க்கால அனுபவத்தைக்கொண்டு 1999இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். வகுப்பிலே கொடுக்கப்பட்டது அமெரிக்கப் பாடநூல். மாணவர் அதன் ஓரங்களிலே தமிழிற் குறிப்பெழுதினர், படம் வரைந்தனர். உரையாடற் பயிற்சியில் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை. இலக்கண விதிகளைச் சொல்லித் தாருங்கள் என்றே வேண்டினர். இது நமக்கு வியப்பன்று. அந்நூலின் உரையாடல்களிற் பேசுவோர் வேறொரு நாட்டு வாழ்வை வாழ்பவர்; அவர்கள்போல நடிக்க நம் பிள்ளைக்கு விருப்பமில்லை. விதியைக் கற்றால் ஆளை மாற்றிக்கொள்ளாமலே பரீட்சையைத் தாண்டலாம். ஆகவே, புத்தகத்தை மூடிவிட்டுப் பேசு என்று சொன்னால் மட்டும் பேச்சு வந்துவிடாது. தன் வாழ்வைத் தன் வாயாற் சொல்ல அங்கே இடமிருக்க வேண்டும்.

1990இலும் அதனை அடுத்தும் போர் தீவகத்தைக் காலியாக்கியது. வேலணையும் புங்குடுதீவும் வெறும் சுவர்களாய் நின்ற ஆண்டுகள் உண்டு. நம்மவர் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று சிதறினர். கனடாவிலே 1992 முதல் புதிதாய்க் குடியேறியோருக்கு அரசாங்கச் செலவில் மொழிவகுப்பு நடைபெறுகிறது. ஐம்பது வயது கடந்த தாய்மார், வாழ்நாளில் ஒரு நாளும் ஆங்கிலப் பள்ளி வாசலை மிதியாதவர், ரொறன்ரோ நகரத்திலே கதிரையில் அமர்ந்து பஸ் இலக்கத்தைக் கேட்கவும், வைத்தியரிடம் எங்கே நோகிறது என்று சொல்லவும் கற்றனர். முதலிற் பேச்சு, எழுத்து பிறகு. கடைக்குப் போன தம்பியின் பாடமே அது.

சங்கத்து மாலை வகுப்புக்கு வருவோம். நாமும் வழக்கம்போல இலக்கணப் புத்தகத்தோடுதான் தொடங்கினோம்; மூன்றாம் கிழமையே வருகை பாதியாயிற்று. பிறகு முறையை மாற்றி, முதல் அரைமணி நேரம் புத்தகமின்றி ஊர்க்காரியமே பேசுவது என்று வைத்தோம்: குறிகட்டுவானிலே படகு எத்தனை மணிக்கு, நண்டு என்ன விலை, திருவிழாவுக்கு யார் வருகிறார்கள். அதன் பின் அன்று விட்ட பிழைகளைக் கரும்பலகையிலே எழுதி, அவற்றுக்குரிய இலக்கணம் மட்டும் சொன்னோம். முன்பு தெற்கிலே கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், பேரனை அழைத்துப்போக வந்து வாசலில் நிற்பது வழக்கம். ஒருநாள் ஆசிரியர் அவரையும் உள்ளே அழைத்து, இன்று சாப்பிடவில்லையா என்று ஆங்கிலத்திற் கேட்டார். பெரியவர் சற்றும் தயங்காமல் 'யெஸ், நொற் ஈற்' என்றார். வகுப்புச் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். கரும்பலகையில் அன்றைய பாடம் அந்த ஓம் ஆயிற்று. அடுத்த நாள் அவர் பேரனுக்கு முன்னரே வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.